கார்த்தி ஹல்க் 181 வாங்கலாமா?

கிளீவ்லாந்து, ஒஹையோ

அன்புள்ள செல்வம்,

உன் மெயில் வந்தது. அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி. வலிக்கிறது என்று பிசியோதெரபியைப் பாதியில் விட்டுவிடப் போகிறார்கள், பார்த்துக்கொள். இங்கே குளிர் இன்னும் விடவில்லை. தியாகராஜ ஆராதனைக்கு ஊரிலிருந்து வித்வான்கள் வந்து இறங்குகிற வரைக்கும் இந்த ஊரில் ஸ்வெட்டரைக் கழற்ற முடியாது.

இனி கார்த்தி விஷயம். கொலம்பஸில் யாரோ ஒருவர் மார்வெல் கம்பெனியின் ஹல்க் காமிக்ஸ் 181ஆம் இதழை விற்கிறார், பையன் போனஸ் பணத்தை அதில் போடப் பார்க்கிறான், பழைய காமிக்ஸுக்கு நிஜமாகவே அப்படி ஒரு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறாய். உண்டு. ஆனால் அந்த மதிப்பு எதில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பணத்தை வெளியே எடுக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுதுகிறேன், அவனிடமும் காட்டு.

ஹல்க் 181 என்பது 1974 நவம்பர் தேதியிட்ட இதழ். விலை 25 சென்ட். எக்ஸ்-மென் என்கிற சூப்பர்ஹீரோ கூட்டத்தின் வுல்வரின் முழுசாக வருகிற முதல் கதை அதில்தான். முந்தைய 180ஆம் இதழின் கடைசிக் கட்டத்தில் தலையைக் காட்டுவார், அவ்வளவுதான். காமிக்ஸ் சேகரிக்கிறவர்கள் உலகத்தில் ஒரு பாத்திரத்தின் முதல் தோற்றத்துக்குத்தான் பணம். ஸ்பைடர்மேன் முதலில் வந்த 1962ஆம் வருடத்து அமேசிங் ஃபேன்டஸி 15ஆம் இதழின் நல்ல பிரதி ஒன்று 2021இல் 36 லட்சம் டாலருக்குப் போனது. கடையில் அதன் விலை 12 சென்ட்.

பழசு என்றாலே விலை என்று நினைக்கிறவர்கள் இங்கேயும் நிறைய. அப்படி இல்லை. பழசாக இருக்க வேண்டும், ஆட்கள் தேட வேண்டும், மிஞ்சியதும் கொஞ்சமாக இருக்க வேண்டும். சூப்பர்மேன் அறிமுகமான ஆக்ஷன் காமிக்ஸ் 1, 1938இல் சுமார் 2 லட்சம் பிரதி அச்சானது. இன்றைக்கு மிஞ்சியிருப்பது நூறு சொச்சம் என்பதுதான் கணக்கு. மற்றதெல்லாம் எங்கே போயிற்று? பையன்கள் படித்துக் கிழித்தார்கள், அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ராணுவத் தேவைக்காகப் பழைய காகிதம் திரட்டியபோது மூட்டை மூட்டையாகக் கூழுக்குப் போயிற்று. போர் முடிந்த பிறகு காமிக்ஸ் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று ஒரு பயம் கிளம்பி, ஊர் ஊராகக் கூட்டம் போட்டு எரித்தார்கள். 1954இல் அமெரிக்க செனட் விசாரணை வரைக்கும் போனது அது. இத்தனையும் தாண்டி ஒரு மெல்லிய காகிதக் கட்டு பிழைத்திருக்கிறது என்றால் அதன் மேல் எனக்கு ஒரு மரியாதையே வருகிறது.

எதிர்ப்பக்கத்தையும் கார்த்தி பார்க்க வேண்டும். 1991இல் எக்ஸ்-மென் முதல் இதழ் ஒன்று புதிதாக வந்தது, 80 லட்சம் பிரதிக்கு மேல். அடுத்த வருடம் சூப்பர்மேன் சாகிற 75ஆம் இதழ். கறுப்பு பிளாஸ்டிக் பையில் போட்டு ஒட்டி, உள்ளே கையில் கட்டிக்கொள்ளத் துக்கப் பட்டை எல்லாம் வைத்து விற்றார்கள். பிள்ளைகளின் காலேஜ் செலவுக்கு ஆகும் என்று ஜனங்கள் நாலு, அஞ்சு என்று வாங்கிப் பையைப் பிரிக்காமலே பரணில் வைத்தார்கள். எல்லாரும் பத்திரப்படுத்திய பொருளுக்கு விலை எப்படி வரும்? இன்றைக்கும் சில டாலருக்குக் கிடைக்கிறது. மார்வெல் கம்பெனியே 1996 கடைசியில் திவால் மனு கொடுத்தது.

ஹல்க் 181 இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அபூர்வம் இல்லை, பல ஆயிரம் பிரதிகள் இருக்கின்றன. எந்த வாரமும் நாலைந்து விலைக்குக் கிடைக்கும். ஆனால் தேடுகிற கூட்டம் அதைவிடப் பெரிது, அதனால் நடுத்தரப் பிரதிக்கே சில ஆயிரம் டாலர் ஆகிறது. இதில் நல்லது ஒன்று உண்டு. இன்று விட்டால் போச்சு என்று விற்கிறவர் அவசரப்படுத்தினால் கார்த்தி அசையவே வேண்டாம். கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் ஏலத்தில் ஏற்றிவிட்ட விலைகள் அப்புறம் இறங்கின. அந்த உச்சத்து விலையைக் காட்டி யாராவது பேரம் பேசினால் எழுந்து வந்துவிடலாம். கேட்கிற விலை எது, அதே தரத்தில் போன சில மாதங்களில் ஏலத்தில் உண்மையில் விற்ற விலை எது என்று பிரித்துப் பார்க்கச் சொல்.

தரம் பார்ப்பதில்தான் எனக்கு உயிர். காமிக்ஸின் நிலையை 0.5 முதல் 10 வரை எண்ணில் சொல்வார்கள். 2000ஆம் வருடத்திலிருந்து சிஜிசி என்ற நிறுவனம் புத்தகத்தைப் பரிசோதித்து, எண் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்துக் கொடுக்கிறது. சந்தையே இப்போது அந்த எண்ணைச் சுற்றித்தான் ஓடுகிறது. 9.6க்கும் 9.8க்கும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், விலை மட்டும் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு எகிறும். அந்தப் பந்தயத்துக்கு நம் பையன் போக வேண்டாம் என்பேன்.

டப்பாவில் அடைக்காத பிரதியாக இருந்தால் இப்படிப் பார்க்க வேண்டும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை மேஜையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடி. நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பெல்லாம் சாய்ந்த வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். முதலில் முதுகு. ஸ்டேபிள் பின் இருக்கிற இடத்திலிருந்து அட்டைக்குள் சின்னச் சின்னக் கோடுகள் ஓடும். அந்தக் கோட்டில் மை உதிர்ந்து வெள்ளை தெரிகிறதா என்று பார். மை உடையாத மடிப்பு ஒன்று, மை உடைந்த மடிப்பு வேறு. அடுத்து இரண்டு பின். துரு இருந்தால் அது காகிதத்துக்குள் இறங்கியிருக்கிறதா, அட்டை பின்னோடு ஒட்டி நிற்கிறதா, கழன்று ஆடுகிறதா. பிறகு நடுப்பக்கத்தைத் திற. நடுத்தாள் இரண்டு பின்னிலும் பிடித்திருக்க வேண்டும், ஒன்றில் மட்டும் தொங்கினால் அதற்கும் விலை குறையும். பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும், அட்டை நீங்கலாக 32. கடைசியில் காகிதத்தின் நிறம். நியூஸ்பிரிண்ட் என்கிற செய்தித்தாள் காகிதத்தில் இருக்கிற லிக்னின் என்ற மரப்பொருளும் அமிலமும் காகிதத்தை உள்ளிருந்தே பழுப்பாக்கும். வெள்ளை, வெண்மஞ்சள், பழுப்பு என்று இறங்கிக்கொண்டே போய், கடைசியில் விரல் பட்டால் ஓரம் அப்பளம் மாதிரி நொறுங்கும். நொறுங்க ஆரம்பித்ததை யாராலும் திருப்ப முடியாது.

ஹல்க் 181க்கு மட்டும் இன்னொரு சோதனை இருக்கிறது, இதைக் கார்த்தி மறக்கவே கூடாது. 1974இல் மார்வெல் தன் இதழ்களின் வாசகர் கடிதப் பக்கத்தில் தபால்தலை மாதிரி ஒரு சின்னப் படம் அச்சிட்டது. மொத்தம் நூறு படம், வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னது. பிள்ளைகள் சொன்னபடி கத்தரிக்கோலை எடுத்தார்கள். அதனால் வெளியே பளபளவென்று இருக்கிற பிரதியின் உள்ளே சின்னதாக ஒரு சதுர ஓட்டை இருக்கும். 181இல் இருக்க வேண்டியது ஷானா என்ற காட்டுப் பெண்ணின் படம். அது இல்லாவிட்டால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். வேறு இதழிலிருந்து வெட்டி ஒட்டி விற்கிறவர்களும் உண்டு, அதனால் அந்தப் பக்கத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். கடிதப் பக்கத்தின் போட்டோ அனுப்பத் தயங்குகிறவரிடம் வாங்கவே கூடாது.

டப்பாவில் இருந்தால் லேபிளின் நிறத்தைப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் கைவைக்காத பிரதி. ஊதா என்றால் யாரோ சரி செய்திருக்கிறார்கள், அதாவது மை உதிர்ந்த இடத்தில் வர்ணம் தொட்டிருப்பார்கள், கிழிசலை ஒட்டியிருப்பார்கள், ஓரத்தை நறுக்கி நேராக்கியிருப்பார்கள். பச்சை என்றால் ஒரு பெரிய குறை தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. மஞ்சள் என்றால் சாட்சி வைத்து வாங்கிய கையெழுத்து. லேபிளில் இருக்கிற சீரியல் நம்பரை நிறுவனத்தின் தளத்தில் போட்டுச் சரிபார்க்க வேண்டும்.

இதில் எனக்கு உறுதியான ஒரு அபிப்பிராயம் உண்டு. 4 அல்லது 5 தரத்தில், எல்லாப் பக்கமும் இருக்கிற, கைவைக்காத பிரதிதான் வாங்க வேண்டியது. அட்டையில் நாலு மடிப்பு இருக்கட்டும். கடைக்காரர் சரக்கு வந்த தேதியைப் பென்சிலால் எழுதியிருக்கட்டும், அதற்குத் தரம்கூடப் பெரிதாகக் குறையாது. ஒரு பையன் அதை வாங்கி, படுத்துப் படித்து, நண்பனுக்குக் கொடுத்துத் திருப்பி வாங்கியிருக்கிறான் என்பது அந்தப் பிரதியில் தெரியும். நறுக்கிப் பூசி 8 மாதிரி காட்டுகிற பிரதி என் கையில் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. வெப்பமும் ஈரமும் கொடுத்து மடிப்பை அழுத்தி நீக்குகிற வேலை ஒன்று இருக்கிறது. அதைச் சரி செய்ததாக யாரும் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் அது செய்ததா என்று கண்டுபிடிக்கவும் முடியாது, அதனால் அதற்காகச் சண்டை போடுவதில்லை.

தானாகவே நல்ல நிலையில் பிழைத்த பிரதிகளும் உண்டு. டென்வரில் எட்கர் சர்ச் என்று ஒரு விளம்பர ஓவியர் இருந்தார். பல வருடம் வந்த காமிக்ஸையெல்லாம் வாங்கி வீட்டில் அடுக்கி வைத்தார். அந்த மலை ஊரின் காய்ந்த காற்றில், வெளிச்சம் படாமல், ஒன்றின் மேல் ஒன்று அழுந்தி இருந்ததால் காகிதம் வெள்ளையாகவே நின்றது. 1977இல் சக் ரோஸான்ஸ்கி என்ற இளம் வியாபாரி அத்தனையையும் வாங்கினார், ஏறக்குறைய இருபதாயிரம் புத்தகம். இன்றைக்கும் ஒரு பிரதி அந்த வீட்டிலிருந்து வந்தது என்றால் அதற்குத் தனி விலை. 2024இல்கூட, கலிஃபோர்னியாவில் அம்மா இறந்த பிறகு பரணைச் சுத்தம் செய்த மூன்று சகோதரர்களுக்கு, செய்தித்தாளுக்கு அடியில் 1939ஆம் வருடத்து சூப்பர்மேன் முதல் இதழ் கிடைத்தது. 2025 நவம்பரில் ஏலத்தில் 91 லட்சம் டாலருக்குப் போனது.

நான் இருக்கிற ஊர்தான் சூப்பர்மேன் பிறந்த ஊர், உனக்குத் தெரியுமா? சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் இங்கே கிளென்வில் பகுதிப் பையன்கள். சீகல் வீடு கிம்பர்லி அவென்யூவில் இன்னும் இருக்கிறது. ஷுஸ்டர் குடியிருந்த வீட்டை இடித்துவிட்டார்கள், அந்த இடத்து வேலியில் முதல் கதையின் பக்கங்களைப் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். விருந்தாளி யார் வந்தாலும் அங்கே அழைத்துப் போகிறேன். அந்த இருவரும் சூப்பர்மேன் உரிமையை விற்றது 130 டாலருக்கு. அதற்கும் வேறு வேலைக்கும் சேர்த்து டிடெக்டிவ் காமிக்ஸ் (இன்றைய டிசி) கம்பெனி கொடுத்த 412 டாலர் செக், அந்தக் காகிதம் மட்டும், 2012இல் ஏலத்தில் 1,60,000 டாலருக்குப் போனது. கேஸ் போட்டுத் தோற்று, வறுமையில் உழன்று, 1975இல்தான் வருடத்துக்கு 20,000 டாலர் பென்ஷனும் படைப்பாளர் என்ற பெயரும் கிடைத்தன. இதை நினைக்கும்போது எனக்கு ஏல விலையைப் படிக்கவே கசக்கிறது. புத்தகத்தின் மதிப்பைச் சொல்கிற யாரும் இவர்களையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று கேள். கம்பெனியோடு சண்டை வந்து வேலை இல்லாமல் இருந்த அறுபதுகளில் சீகல் ஒரு பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதினார். எந்தக் கதை தெரியுமா? நம் ஸ்பைடர்! குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர்! தொடரை ஆரம்பித்தது வேறொருவர், ஆனால் சீக்கிரமே எழுதுகிற வேலை சீகல் கைக்கு வந்துவிட்டது. தமிழில் லயன் காமிக்ஸில் வலைத் துப்பாக்கியும் ஹெலிகாருமாக நாம் மாற்றி மாற்றிப் படித்தோமே, அதில் பல கதைகள் சூப்பர்மேனைப் படைத்த அதே கையிலிருந்து வந்தவை. இது தெரிந்த அன்றைக்கு உனக்கு உடனே போன் போட வேண்டும் போல இருந்தது, ஊரில் நடு ராத்திரி என்று விட்டுவிட்டேன்.

அதனால் உன் மாடி அலமாரியில் இருக்கிற முத்து, லயன் கட்டுகளை யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே. 1972இல் ஆரம்பித்த முத்து காமிக்ஸின் முதல் வருட இதழ்களுக்காக அலைகிறவர்கள் நம் பக்கமே நிறையப் பேர். பத்து பத்தாகச் சேர்த்து பைண்ட் பண்ணப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய், தயவுசெய்து வேண்டாம். பைண்டிங் கடையில் மூன்று ஓரத்தையும் மெஷினில் வைத்து நறுக்கிவிடுவார்கள், முதுகில் பசை தடவிவிடுவார்கள், பிறகு அது தனி இதழாக ஒருநாளும் ஆகாது. வாடகைப் புத்தகக் கடைகளில் இருந்ததெல்லாம் அப்படித்தான் போயிற்று. செல்லோடேப்பும் லாமினேஷனும் கூடவே கூடாது. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் போட்டு, பின்னால் அமிலம் இல்லாத அட்டை வைத்து, இராமபாணப் பூச்சி ஏறாத இரும்பு பீரோவில் நிற்க வை. மழைக் காலத்தில் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா பொட்டலம் நாலு போடு. மைலார் என்கிற தெளிவான பிளாஸ்டிக் உறை நான் வரும்போது கொண்டு வருகிறேன், எத்தனை வேண்டும் என்று எண்ணிச் சொல்.

கார்த்தி என்னைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். கொலம்பஸ் இங்கிருந்து இரண்டு மணி நேரம்தான், சனிக்கிழமை விற்கிறவர் வீட்டுக்கு நானே கூடப் போகிறேன். விளக்கும் பூதக்கண்ணாடியும் எடுத்து வருகிறேன். கடிதப் பக்கத்தின் போட்டோவை மட்டும் அதற்கு முன்னாடியே வாங்கி எனக்கு அனுப்பச் சொல். தங்கச்சியையும் அம்மாவையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கண்ணன்