லேயரைப் பெயர் சொல்லித் தேடுவது பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. வேலையை விட்டுவிட்டு, கட்டிட வடிவமைப்பு மென்பொருளான ஆர்க்கிகேடுக்குச் சொந்தமாக ஆட்-ஆன் (கூடுதல் நிரல்) எழுதி விற்கத் தொடங்கியிருக்கிறாய் என்பதும், முதல் வாடிக்கையாளரே பெரிய அலுவலகம் என்பதும் மிகுந்த மகிழ்ச்சி தந்தன. வெளிச்சுவர் லேயரை, அதாவது வரைபடத்தில் வெளிச்சுவர்களைச் சேர்த்து வைக்கும் அடுக்கை, அணைத்த பிறகும் உன் ஆட்-ஆன் வரைந்த சுவர்கள் மட்டும் திரையில் நிற்கின்றன என்று எழுதியிருந்தாயே, அதன் காரணம் சுவரில் இல்லை, நீ லேயரைத் தேடிய விதத்தில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

உன் கணினியில் 'வால் எக்ஸ்டீரியர்' என்றிருக்கும் லேயர், அவர்களுடைய டெம்ப்ளேட்டில் (தொடக்க மாதிரிக் கோப்பில்) வேறு பெயரில் இருக்கும். லேயர் போன்ற அட்ரிபியூட்களைப் பெயரால் தேடும் அட்ரிபியூட் சர்ச் என்ற ஃபங்ஷன் அதைக் காணாமல் பிழைக்குறியோடு திரும்பியிருக்கும். நீயோ அந்தக் குறியைப் பார்க்காமல், அல்லது பார்த்தும், லேயரின் எண்ணான இன்டெக்ஸை 1 என்று வைத்து மேலே போயிருப்பாய். ஆர்க்கிகேடில் அந்த எண் 'ஆர்க்கிகேட் லேயர்' என்ற அடிப்படை லேயருக்கு உரியது. அதை நீக்கவும் முடியாது, மறைக்கவும் முடியாது, பூட்டவும் முடியாது. வேறு லேயராக இருந்திருந்தால் இந்தத் தவறு இன்னும் பல மாதம் வெளியே தெரியாமல் இருந்திருக்கும் என்பதால், ஒருவகையில் இது நல்லதே.

சுவர் ஒன்று தன் லேயரின் பெயரை வைத்திருப்பதில்லை, இன்டெக்ஸை மட்டுமே வைத்திருக்கிறது. அந்த இன்டெக்ஸுக்கு அந்தக் கோப்புக்குள் மட்டும்தான் பொருள் உண்டு. ஒரு கோப்பில் 14 ஆக இருப்பது இன்னொன்றில் 31 ஆக இருக்கலாம். நடுவில் ஒரு லேயரை யாராவது நீக்கினால் அந்த எண் காலியாகவே கிடக்கும். ஆகவே 1 முதல் கடைசி வரை சுழலும்போது, 'நீக்கப்பட்டது' என்ற பிழைக்குறி வந்தால் அந்த எண்ணை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டுமே தவிர, சுழற்சியையே நிறுத்திவிடக் கூடாது. எண்ணைக் குறியீட்டில் நேரடியாக எழுதிவைக்க முடியாது என்பதால்தான் எல்லோரும் பெயரிடம் போகிறோம். நூலகப் பொருள்களுக்கு ஆர்க்கிகேடின் நிரல்மொழியான ஜி.டி.எல்.லில் எழுதுகிறவர்களும், பரப்பின் பெயரைக் கொடுத்து இன்டெக்ஸைத் திருப்பித்தரும் ஐ.என்.டி. என்ற ஃபங்ஷனை இதே காரணத்துக்காகத்தான் பயன்படுத்துகிறார்கள்.

தேடுவதற்கு முன் அட்ரிபியூட் கட்டமைப்பு முழுவதையும் பூஜ்ஜியமாக்கிவிடு. அதன் தலைப்பகுதியில் பழைய எட்டு பிட் எழுத்துகளுக்கான இடமும், யூனிகோட் பெயர் இருக்கும் நினைவக முகவரியைக் காட்டும் ஒரு பாயின்டரும் இருக்கின்றன. அந்தப் பாயின்டரில் குப்பை முகவரி கிடந்தால் ஆர்க்கிகேடே விழுந்துவிடும், பழி உன் ஆட்-ஆன் மேல்தான் வரும். உம்லாட் (எழுத்தின் மேல் இரு புள்ளிகள்) உள்ள ஜெர்மன் பெயர்களோ தமிழ்ப் பெயர்களோ வரக்கூடிய இடத்தில் யூனிகோட் வழியையே பயன்படுத்து. நீயே பெயர்களை ஒப்பிடுவதாக இருந்தால், ஓரங்களில் ஒட்டியிருக்கும் இடைவெளிகளை நீக்கிவிட்டு ஒப்பிடு. எக்செல்லிலிருந்து ஒட்டப்பட்ட பெயர்களில் இவை சர்வசாதாரணம். 'கொ' என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, பைட் பைட்டாக ஒப்பிடும் நிரலுக்கு அவை வேறு வேறு.

என் கருத்தில், பெயரை வாசலில் ஒரே ஒரு முறைதான் கேட்க வேண்டும். ஆட்-ஆன் ஒரு கோப்பில் முதன்முறை ஓடும்போது பெயரால் தேடு. கிடைக்காவிட்டால் ஊகிக்காதே, அந்தக் கோப்பிலுள்ள லேயர்களைப் பட்டியலாகக் காட்டி, வெளிச்சுவருக்கு எது என்று பயனரையே தேர்ந்தெடுக்க விடு. தேர்ந்த லேயரின் ஜி.யு.ஐ.டி.யை, அதாவது அதற்கே உரிய தனி அடையாளக் குறியை, சேமித்துக்கொண்டு அதற்குப் பின் அதையே நம்பு. பிறகு யாராவது லேயரின் பெயரை மாற்றினாலும் அது மாறாது. பெயர் மாற்றுவது வரைகலைஞர்களின் உரிமை, அதைத் தடுக்க நாம் யார்? நீ ஆர்க்கிகேடின் 27ஆம் பதிப்புக்கு மாறும்போது இன்னொரு நன்மையும் உண்டு: 2023இல் வந்த அந்தப் பதிப்பில் அட்ரிபியூட் இன்டெக்ஸ் வெறும் எண்ணாக இல்லாமல் தனி வகையாகிவிட்டதால், உன்னுடைய அந்த 1, நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரிலேயே சிக்கிக்கொள்ளும்.

ரெவிட் என்ற இன்னொரு கட்டிட வடிவமைப்பு மென்பொருளுக்கும் எழுதப்போவதாகச் சொல்லியிருந்தாய். அங்கே ஒரு பொருளின் பாராமீட்டரை (பண்பை) பெயரால் தேடும் லுக்கப் பாராமீட்டர் இன்னும் தந்திரமானது. ஒரே பெயரில் இரண்டு பாராமீட்டர்கள் இருந்தால் பிழை எதுவும் சொல்லாமல் முதலில் அகப்பட்டதைக் கொடுத்துவிடும். சுவரிடம் கேட்டால் சுவரின் வகையில் இருப்பது கிடைக்காது, வகையைத் தனியே எடுத்துக் கேட்க வேண்டும். உள்ளமைந்த பாராமீட்டர்களின் பெயர்கள் மொழிக்கு மொழி மாறுவதால், அவற்றுக்கு பில்ட்-இன் பாராமீட்டர் பட்டியலையும், நீயே சேர்ப்பவற்றுக்கு ஷேர்டு பாராமீட்டரின் ஜி.யு.ஐ.டி.யையும் பயன்படுத்து.

லேயரைத் தேடும் அந்த ஒரு ஃபங்ஷனையும், முடிந்தால் வாடிக்கையாளர் கோப்பிலுள்ள லேயர் பெயர்ப் பட்டியலையும் அனுப்பு. ஞாயிறு மாலை ஓய்வாகத்தான் இருப்பேன், சேர்ந்தே பார்த்துவிடலாம். வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்