வெள்ளைக் கோடு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அண்ணன் வீட்டுச் சின்னவன் நடக்கத் தொடங்கிவிட்டான்.

நான் எழுத வந்தது மேய்ச்சல் காட்டைப் பற்றி. நீ பிரித்துவிட்டுப் போன 3 துண்டுகளும் இன்று மூன்று விதமாக நிற்கின்றன. கைவைக்காத துண்டில் புதர்களுக்கு இடையே புல்லே இல்லை, சருகும் முள்ளும்தான். மேல்மண் ஈரத்தைப் புதர் வேர் இழுத்துக்கொண்டால் புல் தோற்கும் என்பாயே, குனிந்து பார்த்தால் கண்ணுக்கே தெரிகிறது. நான் பிடிவாதமாக மொட்டையடித்த துண்டில் முதல் மழைக்குப் புல் முழங்கால் உயரம் வந்தது. ஊரையே கூட்டிக் காட்டினேன். இப்போது ஒவ்வொரு அடிக்கட்டையிலிருந்தும் பத்துப் பன்னிரண்டு துளிர்கள் கிளம்பி முன்பைவிட அடர்ந்துவிட்டன. சரிவுப் பக்கம் மழைத்தண்ணீர் மண்ணை அரித்துக்கொண்டு போகிறது.

பாதியை வெட்டி இடைவெளி விட்ட உன் துண்டில்தான் நிலைத்த புல் இருக்கிறது. விட்டுவைத்த பெரிய மரங்களின் கீழே, இலை உதிர்ந்து மக்கிய மண்ணில், கோடையிலும் பச்சை தெரிகிறது. அந்த மரங்களும் பருத்திருக்கின்றன. மழைக்கு முன்னும் பின்னும் கயிறு சுற்றி அளந்து முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மரமும் பருத்திருக்கிறதே தவிர, துண்டு முழுவதற்கும் கணக்கிட்டால் கைவைக்காத இடத்தின் விறகு இன்னும் கூடுதல்தான். அண்ணனுக்கு அதில் மனக்குறை. புல்லும் விறகும் ஒரே தண்ணீரைத்தான் பங்குபோடுகின்றன, இரண்டையும் முழுதாகக் கேட்க முடியாது என்று அவனிடம் சொன்னேன். உன் சொற்கள்தான்.

இதையெல்லாம் பார்க்க நீ வரவில்லை. போன மழைக்கும் வரவில்லை. வேலை இருக்கும், தெரியும். பெற்றவர்களுக்கு இரண்டு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சரி, விடு. நேரத்துக்குச் சாப்பிடு.

முதல் ஆண்டு, புல் விதை உதிர்க்கும்வரை வேலியைத் திறக்காதீர்கள் என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போனாய். நீ போன பத்தாம் நாள் உன் துண்டைத் திறந்துவிட்டது நான்தான். என் துண்டு அடைத்தே இருந்தது. செம்மறிகள் இளம்புல்லை மண்மட்டம் வரை கடித்தன, பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று. அதை மறைத்துவிட்டு, அத்தை வீட்டில் அத்தனை பேர் முன்னால், இவள் படிப்பை நம்பிப் புல்லும் போயிற்று, விறகும் போயிற்று என்றேன். நீ ஒன்றும் பேசாமல் எழுந்து போனாய். திறந்தது யார் என்று அம்மாவிடம்கூடப் போன வாரம்தான் சொன்னேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. செம்மறிகள் கடித்த பிறகு ஒரு பருவம் முழுக்க அடைத்துவைத்ததால்தான் இந்தப் புல் வந்தது. உன் கணக்கு தவறவில்லை, மகளே.

மொட்டைத் துண்டில் கட்டைக்கு ஒரு துளிரை விட்டுவிட்டு மற்றவற்றைக் கழிக்க வேண்டும். எதை விடுவது என்று அண்ணன் ஒன்று சொல்கிறான், எனக்கு வேறொன்று தோன்றுகிறது. உன் துண்டிலும், வெட்டக்கூடாத மரங்களுக்கு நீ பூசிய வெள்ளைக் கோடு மழையில் மங்கிவிட்டது. மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. அதுவரை அரிவாளைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

அப்பா