வெர்னாட்ஸாவின் மலை தானாக நிற்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் இத்தாலியின் சிங்குவே தெர்ரே பற்றி வந்திருந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த ஐந்து ஊர்களைப் பற்றித் தமிழில் ஒரு முழுப் பக்கம் வந்திருக்கிறதே என்ற மகிழ்ச்சியோடுதான் தொடங்கினேன். மூன்றாவது பத்தியில் இந்த வரி இருந்தது: "மலையும் கடலும் கேட்காமலேயே எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்துவிட்டதால், இந்த ஊர்க்காரர்களுக்கு உழைக்க வேண்டிய கவலையே இருந்ததில்லை." அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை. மாலையில்தான் மீதியைப் படித்தேன். அன்றிரவு சரியாகத் தூங்கவும் இல்லை.

எழுதியவரை எனக்குத் தெரியாது. அவர்மேல் எந்தக் காழ்ப்பும் இல்லை. ஆனால் அந்த வரி உங்கள் மேசையைத் தாண்டித்தானே அச்சுக்குப் போயிருக்கும்? முப்பத்தொரு ஆண்டுகளாக உங்கள் நாளிதழை வாங்குகிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

1988-இல் நான் ஒரு சரக்குக் கப்பலில் இரண்டாம் பொறியாளராக இருந்தேன். செப்டம்பரிலிருந்து டிசம்பர் வரை எங்கள் கப்பல் லா ஸ்பெசியா துறைமுகத்தில் பழுதுபார்ப்புக்காக நின்றது. அங்கிருந்து ரயிலில் ஏறினால் சில சுரங்கங்களைக் கடந்து கால் மணி நேரத்துக்குள் அந்த ஐந்து ஊர்களில் முதலாவதான ரியோமஜ்ஜோரே. அதற்கு அடுத்த நிறுத்தம் மனரோலா. பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவர் மனரோலாக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அரைகுறை ஆங்கிலமும் கை ஜாடையும்தான் எங்களுக்குள் மொழி. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வரச் சொன்னார். நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலிலேயே ஒரு ஜோடி தோல் கையுறையைக் கொடுத்துவிட்டு மேலே நடக்க ஆரம்பித்துவிட்டார்.

மேலே என்றால், மலையின் நெற்றிவரை. நம் கட்டுரையாளர் 'பச்சைப் படிக்கட்டுகள்' என்று ஒரே சொல்லில் தாண்டிப்போன இடம் அதுதான். இயற்கை செய்த படிக்கட்டு அங்கே ஒன்றுகூடக் கிடையாது. செங்குத்தான சரிவை வெட்டி, வெட்டிய கல்லையே சாந்தில்லாமல் அடுக்கிச் சுவராக்கி, சுவருக்குப் பின்னால் மண்ணை நிரப்பி, அந்தக் குறுகலான மண்ணில் திராட்சைக் கொடியை நட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு வேலை அது. முந்தின வார மழையில் அவருடைய சுவர் ஒன்று வயிறு தள்ளிச் சரிந்திருந்தது. இருவரும் உட்கார்ந்து அதைக் கட்டினோம். கெட்டித் தரை தென்படும் வரை தோண்டி அடியில் பெருங்கல். சுவர் மலைப் பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். பின்னால் சின்னச் சின்ன உடைகல். இடுக்குகளில் ஆப்புபோல் சில்லு. பொறியாளன் என்ற செருக்கில், கொஞ்சம் சிமெண்ட் போட்டால் என்ன என்று கேட்டேன். அவர் தன் தண்ணீர்க் குப்பியைச் சுவருக்குப் பின்னால் கவிழ்த்தார். கற்களுக்கிடையே தண்ணீர் கசிந்து முன்பக்கம் வழிந்தது. சிமெண்ட் பூசினால் அந்தத் தண்ணீர் போக வழியில்லாமல் பின்னால் தேங்கும். ஒரு பெருமழையில் சுவரை மொத்தமாகத் தள்ளிவிடும். எனக்கு வகுப்பறையில் யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லித் தந்ததில்லை. மாலை வரை இருவரும் எழுப்பியது, என் இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளத்துக்குச் சற்றுக் கூடுதல். என் விரல்கள் மூன்று நாள் மடங்கவில்லை. அவர் மறுநாள் காலை ஏழு மணிக்குப் பட்டறையில் இருந்தார்.

உழைக்க வேண்டிய கவலையே இருந்ததில்லையாம்.

அவருடைய தாயார் அப்போது எழுபதைக் கடந்தவர். திராட்சைக் கூடையையும் கல் கூடையையும் தலையில் சுமந்தே முதுகு வளைந்தவர். அறுவடையில் பொறுக்கி எடுத்த குலைகளை நிழலில், காற்றோட்டமான இடத்தில் பரப்பி, நவம்பர் வரை வாடவிட்டு, உருவிய பழத்தைப் பிழிந்து 'ஷாக்கெத்ரா' என்ற இனிப்பு மதுவைச் செய்வார்கள். ஒரு கூடைப் பழத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். கல்யாணத்துக்கும் பிள்ளைப்பேற்றுக்கும் எடுத்து வைத்திருந்த புட்டியிலிருந்து அந்த அம்மாள் எனக்கு ஒரு மிடறு ஊற்றிக் கொடுத்தார். நான் குடிக்கும் பழக்கம் இல்லாதவன். அதை மறுக்க எனக்கு நாக்கு எழவில்லை. கட்டுரையாளர் அதே மதுவை 'நினைவுப்பரிசாக வாங்க ஏற்றது' என்று முடித்துவிட்டார்.

யுனெஸ்கோ 1997-இல் இந்த ஊர்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது என்று கட்டுரையிலேயே இருக்கிறது. எந்த வகையில் சேர்த்தது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இயற்கைப் பாரம்பரியமாக அல்ல, மனிதரும் நிலமும் சேர்ந்து உருவாக்கிய பண்பாட்டு நிலக்காட்சியாக. 2018-இல் சாந்தில்லாத கற்சுவர் கட்டும் கலையையே இத்தாலி, கிரீஸ், குரோஷியா, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு நாடுகளின் பெயரில் தனியாக அங்கீகரித்தார்கள். இவ்வளவும் தெரிந்த ஓர் ஆசிரியர் குழு, அந்தச் சுவர்களைக் கட்டியவர்களைச் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்த்தவர்கள் என்று எழுத எப்படி அனுமதித்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2011 அக்டோபர் 25-ஆம் தேதியைப் பற்றிக் கட்டுரையில் ஓர் எழுத்துகூட இல்லை. அன்று சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் மலைச்சரிவுகள் பெயர்ந்து வெர்னாட்ஸா, மான்டெரோஸ்ஸோ இரண்டு ஊர்களிலும் இறங்கின. வெர்னாட்ஸாவின் ஒரே பெரிய தெருவுக்கு அடியில் மூடப்பட்ட ஓடை ஒன்று போகிறது. சேறும் கல்லும் அந்தத் தெருவைக் கடைகளின் முதல் மாடி வரை நிரப்பின. அந்த ஊரில் மட்டும் மூன்று பேர் இறந்தார்கள். மழை மட்டும் காரணமில்லை. கப்பல் தளத்துக்கும் கடற்படைப் பட்டறைக்கும் தொழிற்சாலைக்கும் பிறகு விடுதித் தொழிலுக்கும் ஆட்கள் போய்விட, மேலே இருந்த படிநிலங்களில் பெரும்பகுதி கைவிடப்பட்டிருந்தது. கவனிக்க ஆளில்லாத சுவர் ஒன்று சரிந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும்.

2012 மே மாதம் நானும் என் மனைவியும் அங்கே போனோம். வெர்னாட்ஸாவில் பாதிக் கடைகள் இன்னும் பலகை அடித்துக் கிடந்தன. சுவர்களில் சேறு நின்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. மனரோலாவில் என் நண்பர் காலமாகி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. மகன் அறைகளை வாடகைக்கு விடுகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, பிழைக்க வேண்டுமே. நாங்கள் இருவரும் கட்டிய சுவரைத் தேடி ஏறினேன். முட்புதர். பக்கத்து நிலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் சின்ன வண்டி ஒன்று திராட்சைக்காக ஓடுகிறது. அந்தக் குடும்பம் இன்னும் விடவில்லை. அங்கே நின்று நான் அழுததை என் மனைவி மட்டும் அறிவார்.

நெத்திலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மான்டெரோஸ்ஸோவின் பெருமையே விளக்கு வெளிச்சத்தில் இரவில் பிடித்து உப்பில் அடுக்கும் நெத்திலிதான். தூத்துக்குடியில் பிறந்து நெத்திலிக் கருவாட்டு மணத்தில் வளர்ந்த எனக்கு, அந்த ஊர் ஒரே நாளில் சொந்த ஊராகிப் போனது அதனால்தான். கட்டுரையில் பீட்சா இருக்கிறது, நெத்திலி இல்லை.

இது முதல் முறையும் அல்ல. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிரேக்கத் தீவுகளைப் பற்றிய கட்டுரையில், வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிப்பது 'சுற்றுலாப் பயணிகளின் புகைப்படத்துக்காக' என்று வந்தது. அந்த வெயிலில் வெள்ளைச் சுவர் வீட்டைக் குளிர்ச்சியாக வைக்கும் என்பதை நம் ஊர்க் கொத்தனாரே சொல்வார். அப்போது எழுதிய கடிதத்துக்குப் பதில் இல்லை. அதற்கு முன், கப்பல் விபத்து ஒன்றைப் பற்றிய செய்தியில் இயந்திர அறையில் இருந்த பொறியாளர்கள் அனைவரையும் 'மாலுமிகள்' என்று எழுதியபோதும் எழுதினேன். அதற்கும் இல்லை. நெடுங்காலம் கைகளில் எண்ணெய்க் கறையோடு வாழ்ந்தவனுக்கு, வேலை செய்தவர்கள் செய்தியில் காணாமல் போவது வலிக்கிறது. உங்களுக்குக் கடிதங்கள் நிறைய வரும், நேரமிருக்காது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். இம்முறை முடியவில்லை.

கட்டுரையோடு வந்த 'ஒரே நாளில் ஐந்து ஊர்' என்ற பெட்டிச் செய்தியும் வேண்டாமே. ஆயிரம் பேர்கூட வசிக்காத வெர்னாட்ஸாவின் அந்த ஒற்றைத் தெருவில் கோடையில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. கோர்னீலியா கடலோரத்திலேயே இல்லை; ரயிலிலிருந்து இறங்கி முந்நூற்றுக்கு மேற்பட்ட படிகள் ஏற வேண்டும். அங்கே 'இருபது நிமிடம் போதும்' என்று போட்டிருக்கிறீர்கள். நம் வாசகர்களில் முதியவர்களும் இருக்கிறார்கள்.

கேட்க வந்தது சிறியது. பக்கத்தின் தலைப்பில் உள்ள பெரிய படத்துக்குக் கீழே 'வெர்னாட்ஸா' என்று அச்சாகியிருக்கிறது. அது மனரோலா. வெர்னாட்ஸாவில் தண்ணீரை ஒட்டியே தேவாலயம் இருக்கும், மேலே வட்டக் கோபுரம் தெரியும், படகுகள் ஒதுங்கச் சிறு துறை இருக்கும். படத்தில் இருப்பது கரும்பாறைமேல் நெருக்கியடித்து நிற்கும் வீடுகள். வலப்பக்க மேல்மூலையில் தெரியும் மங்கலான பச்சைக் கோடுகள்தான் நான் ஏறிய படிநிலங்கள். அடுத்த ஞாயிறு இணைப்பில், எந்த மூலையிலாவது, ஒரே ஒரு வரி: "சென்ற வாரம் வெளியான படம் மனரோலாவினுடையது." இடமிருந்தால், அந்த மூன்றாவது பத்தி வரிக்கும் ஒரு திருத்தம்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கப்பல் பொறியாளர் ஒருவர்,
தூத்துக்குடி