ஹெசரகட்டா புல்வெளியில் மாடுகள் மேயட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பெங்களூரை ஒட்டிய ஹெசரகட்டா புல்வெளியைப் பற்றிச் சென்ற இதழில் எழுதிய வாசகர், காப்பகம் என்றான பிறகு ஒரு மாடுகூட உள்ளே வரக் கூடாது என்று முடித்திருந்தார். அந்தப் புல்வெளி மேல் அவருக்கு இருக்கும் அக்கறை எனக்கும் உண்டு. மாட்டை விரட்டிவிட்டால் புல்வெளி பிழைத்துவிடும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நான் பிறந்தது வேதாரண்யத்தில். ஜாலஹள்ளிக்கு வந்து முப்பது வருஷமாகிறது. சின்ன வயதில் கோடியக்கரைக் காட்டில் மட்டக்குதிரைகள் கூட்டமாகத் திரிவதை வாய்பிளந்து பார்த்திருக்கிறேன். ஒரு காலத்தில் மனிதர் வளர்த்த குதிரைகளின் வம்சம். இன்று சொந்தக்காரர் என்று யாருமில்லை. வெளிமானுக்காக 1967-ல் அமைத்த சரணாலயம் அது. அந்த மானோடு புல்லுக்குப் போட்டி போடுவதும், சீமைக்கருவேலங்காயைத் தின்று லத்தி வழியாக விதையைப் பரப்புவதும் இதே குதிரைகள்தான். ஊரில் குதிரையைத் திட்டுவார்கள். எனக்கு அவற்றின் மேல் கோபம் வந்ததில்லை. கேட்பாரற்று விட்ட மிருகம் வேறென்ன செய்யும்?

கேட்க ஆளிருந்தால் எப்படி இருக்கும் என்பதை இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது பார்த்தேன். அவள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சின்னக் காப்பகம். புதர் மண்டிப் புல்லை மூடிவிடாமல் இருக்க எக்ஸ்மூர் மட்டக்குதிரைகளை அங்கே மேயவிட்டிருக்கிறார்கள். பழுப்பு உடம்பு, மூக்கையும் கண்களையும் சுற்றி மாவு பூசியதுபோல் வெளிறிய நிறம். லாயம் கிடையாது, லாடம் கிடையாது. ஆனால் தினமும் ஒரு தொண்டர் போய்ப் பார்த்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை மகளுடைய முறை.

முதலில் தலை எண்ண வேண்டும். பதினொன்று. பத்துதான் கண்ணில் பட்டன. மழைத் தூறலில் முக்கால் மணி நேரம் அலைந்து, முட்புதருக்குப் பின்னால் நின்ற பதினோராவதைக் கண்டுபிடித்த பிறகுதான் மகள் முகம் தெளிந்தது. அதன் பிறகு ஒவ்வொன்றும் நடக்கும் வரை காத்திருந்தாள். நொண்டுகிறதா, கண்ணில் நீர் வடிகிறதா, விலா எலும்பு தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். ஒரு பெட்டைக் குதிரை பின்னங்காலை ஊன்றாமல் நின்றது. உடனே பொறுப்பாளருக்குச் செய்தி போனது, மறுநாள் மருத்துவர் வந்தார். நான் ஆசையாக எடுத்துப்போன ஆப்பிளை மகள் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கொடுத்துப் பழக்கிட்டா வர்றவங்க கையையெல்லாம் கடிக்க ஆரம்பிச்சிடும்மா."

குடற்புழு மருந்தைக்கூட அங்கே கண்டபடி கொடுப்பதில்லை. லத்தியை எடுத்துப்போய்ப் புழு முட்டையை எண்ணிப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஐவர்மெக்டின் போன்ற மருந்து சாணத்தோடு வெளியேறிச் சாணி வண்டுகளை அழித்துவிடும். வண்டு இல்லையென்றால் அதைத் தின்னும் பறவைக்கும் இரை இல்லை.

இனி ஹெசரகட்டாவுக்கு வருகிறேன். அதைக் காப்பகமாக்கலாம் என்று வந்து, 2021-ல் மாநில வனவிலங்கு வாரியம் தள்ளிவிட்ட யோசனைக்கு 2024 அக்டோபரில் அதே வாரியம் ஒப்புதல் கொடுத்தது, 5,678 ஏக்கருக்கு. எத்தனையோ பேர் பாடுபட்டுக் கிடைத்தது. வரகுக்கோழி என்ற அரிய புல்வெளிப் பறவை தென்பட்ட இடம், குளிர்காலத்தில் பூனைப்பருந்துகள் இறங்கும் இடம். சுற்றுவட்டார ஊர்களின் ஆடுமாடுகள் தலைமுறை தலைமுறையாக மேய்ந்துவந்த நிலமும் அதுவே. மேய்ச்சலை அடியோடு நிறுத்தினால் புதர் ஏறும். புதரில் வானம்பாடி கூடு கட்டாது.

போன தை மாதம் அங்கே ஒரு மேய்ப்பரைச் சந்தித்தேன். ஒரு பசுவின் முன்னங்காலைத் தன் தொடை மேல் தூக்கி வைத்துக் குளம்புப் பிளவுக்குள்ளிருந்து கண்ணாடித் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டிருந்தார். விடுமுறை நாளில் குடித்துவிட்டு யாரோ உடைத்துப் போட்ட பாட்டில். மடியில் வைத்திருந்த சீசாவிலிருந்து வேப்பெண்ணெயை விட்டு, அது நாலு அடி நடக்கிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தார். மகள் பயிற்சி வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டதை இவர் அப்பாவிடம் கற்றிருக்கிறார். இவரையா வெளியே போகச் சொல்வது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 36பி பிரிவு, இத்தகைய காப்பகத்துக்கான குழுவில் கிராமப் பஞ்சாயத்துப் பிரதிநிதிகளும் கால்நடைத் துறைப் பிரதிநிதி ஒருவரும் இருக்க வேண்டும் என்கிறது. அந்தக் குழு மேய்ப்பர்களை முன்னால் வைத்து ஒரு தொண்டர் படையைத் தொடங்கட்டும். எந்தப் பக்கம் எத்தனை மாடு மேய்ந்தது, எந்த மாட்டுக்குக் காலில் காயம், எந்த இடத்தில் புல் தேய்ந்துவிட்டது என்று நாள்தோறும் நோட்டில் எழுதலாம். புல் தேய்ந்த பக்கத்துக்குக் கொஞ்ச நாள் ஓய்வு கொடுக்கலாம். கூப்பிட்டால் வரக்கூடிய கால்நடை மருத்துவர் ஒருவர் வேண்டும். நகரத்திலிருந்து போகும் எங்களைப் போன்றவர்கள் கண்ணாடி பொறுக்கலாம், எண்ணலாம், எழுதலாம்.

எங்கள் குடியிருப்பில் நாலு பேர் பெயர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம். எனக்குச் செவ்வாய்க்கிழமை காலை முறையைக் கொடுத்தால் போதும். ஆறரை மணிக்கு ஹெசரகட்டா ஏரிக்கரையில் நிற்பேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜாலஹள்ளி, பெங்களூரு