கார்டை இரண்டாகப் பிரிக்க வைக்காதீர்கள்: கேமரா நிறுவனத்தின் ஃபர்ம்வேர் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம். உங்கள் பழைய கையடக்கக் கேமராக்களில் நாங்கள் சிஎச்டிகே (கேமராவுக்குக் கூடுதல் வசதிகள் தரும், தன்னார்வலர்கள் எழுதிய இலவச நிரல்) ஓட்டுவது உங்களுக்குத் தெரியாததல்ல. கேமராவுக்குள் நீங்கள் பதித்த அடிப்படை மென்பொருளான ஃபர்ம்வேரை அது தொடுவதே இல்லை. கார்டிலிருந்து நினைவகத்தில் ஏறுகிறது, கேமராவை அணைத்ததும் போய்விடுகிறது. இதையும் நீங்கள் அறிவீர்கள்.

அந்த மாடல்களின் பெட்டியில் எஸ்டிஎச்சி, அதாவது 32 ஜிபி வரையுள்ள பெரிய கார்டுகளும் ஏற்கும், என்று அச்சிட்டு விற்றீர்கள். பொய்யில்லை, 32 ஜிபி கார்டில், ஃபேட்32 அமைப்பில் (கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஒரு முறை), படங்களை ஒழுங்காகவே எழுதுகின்றன. சிஎச்டிகேயை ஏற்றும் துவக்கக் கோப்பைத் தேடும்போது மட்டும், அதைவிடப் பழைய முறையான ஃபேட்16இல் அமைந்த பகுதியைத் தவிர வேறெதுவும் அவற்றின் கண்ணில் படுவதில்லை. 4 ஜிபி வரையுள்ள கார்டுக்கு ஃபேட்16 போதும்தான். அப்படியொரு கார்டைக் கேட்டால் கடைக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார். எனவே பெரிய கார்டை வாங்கி, முன்னால் சில எம்பிக்கு ஒரு ஃபேட்16 பகுதியும், மிச்சத்தில் படங்களுக்கான ஃபேட்32 பகுதியுமாகப் பிரிக்கிறோம்.

இதனால் நேர்ந்ததைக் கேளுங்கள். எங்கள் ஊர் நூலகத்தின் பழைய இதழ்களை இரண்டு கேமராக்களை வைத்துப் படமெடுத்து வருகிறோம். யூஎஸ்பி துளையில் 5 வோல்ட் கொடுத்தால் இரண்டும் ஒரே நொடியில் படமெடுக்கும். சிஎச்டிகே தரும் வசதி அது. தாள்களோ தொட்டால் உதிர்பவை. ஒருமுறை புரட்டிய பக்கம் மறுமுறைக்குத் தாங்காது. சென்ற மாதம், நாள் முழுக்க எடுத்த படங்களோடு ஒரு கார்டு நூலகத்தின் பழைய கணினிக்குப் போனது. அந்தக் கணினி கார்டின் முதல் பகுதியை மட்டுமே காட்டும். உதவியாளர் அம்மா திறந்து பார்த்தார். புரியாத சில கோப்புகள், ஒரு படமும் இல்லை. கார்டு கெட்டுவிட்டது என்று பக்கத்து அலைபேசிக் கடையில் கொடுத்தார். அவர்கள் அடியோடு அழித்து, ‘சரிசெய்து’ கொடுத்தார்கள். அந்த அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். படங்கள் போயின. சில பக்கங்களும் போயின. திரும்ப எடுக்கத் தாள் இல்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் பழைய மாடல்களுக்குக் கடைசியாக ஒரே ஒரு புதுப்பிப்பு வெளியிடுங்கள். துவக்கக் கோப்பை ஃபேட்32 பகுதியிலும் அவை தேடட்டும். பிந்தைய மாடல்களில் நீங்களே செய்துவிட்ட வேலை இது. விண்டோஸ்கூட 2017இல் மனம் இரங்கி, கார்டின் எல்லாப் பகுதிகளையும் காட்டத் தொடங்கிவிட்டது.

உங்கள் சேவை மையத்துக்கு எழுதினேன். புதிய மாடல் வாங்கிக்கொள்ளுமாறு அன்போடு பரிந்துரைத்தார்கள். கேமரா பழுது என்று நான் எழுதவே இல்லை! நன்றாக ஓடுவதுதான் உங்களுக்குச் சங்கடம் போலும். பேட்டரியை ஒட்டிவைத்த அலைபேசி, வேறு மையைக் கண்டால் முரண்டுபிடிக்கும் அச்சுப்பொறி என்று காசு கொடுத்து வாங்கிய எதுவும் இப்போது முழுதாக நம்முடையதில்லை. பழுதுபார்க்கும் உரிமைக்கென்று இந்திய அரசு 2022இல் ஒரு தளமே தொடங்க வேண்டியிருந்தது.

மன்னிக்கவும், பேச்சு எங்கோ போய்விட்டது. அந்த ஒரு புதுப்பிப்பைத் தந்துதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இயலாதென்றால், விற்பனை நின்றுபோன மாடல்களின் துவக்க முறை பற்றிய ஆவணங்களையாவது வெளியிடுங்கள். மற்றதைத் தன்னார்வலர்கள் பார்த்துக்கொள்வார்கள். தானியங்கிப் பதில் மட்டும் வேண்டாம். முடியும், முடியாது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
நூலகத் தன்னார்வலர் ஒருவர்