ஐந்தாவது பிரசவம் சுலபமல்ல

ஆசிரியருக்கு, பேறுகால மரணங்கள் குறித்த தங்கள் தலையங்கத்தில் ஒன்று விட்டுப்போயிற்று. நாலைந்து பெற்றவளுக்குப் பிரசவம் சுலபம் என்றே வீட்டார் நினைக்கிறார்கள். குழந்தை சீக்கிரம் பிறந்துவிடலாம், சரி. அப்புறம் பலமுறை விரிந்த கர்ப்பப்பை இறுகிச் சுருங்காமல் போனால், நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்து ரத்தக்குழாய்கள் மூடாமல் ரத்தம் கொட்டும். மலைக்கிராமத்தில் செவிலியராக இருந்தபோது, ஐந்தாவது பிள்ளையைப் பெற்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணின் அடியில் விரித்த துணி ஊறி, கட்டில் காலடியில் ரத்தம் சொட்டியதைப் பார்த்தேன். வயிற்றைத் தொட்டால் கர்ப்பப்பை தொளதொளவென்று இருந்தது. கர்ப்பப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் ஊசி மருந்தை ஏற்றி, வயிற்றின் மேல் விடாமல் தேய்த்துவிட்ட பிறகுதான் இறுகியது.

முதல் பிரசவத்திலும் இப்படி ரத்தம் கொட்டலாம், அதனால் இந்த ஊசி எல்லோருக்கும் அவசியம். ஆனால் ஐந்தாவது பிரசவத்தை எதிர்நோக்கும் பெண்களையாவது, ரத்தம் ஏற்றும் வசதியுள்ள மருத்துவமனையில் தேதிக்கு முன்பே சேர்க்க அரசு ஏற்பாடு செய்யவேண்டும்.

– ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்