கம்பி நாரைக் கீழே வை

அன்புள்ள ராமு,

எனாமல் சட்டியில் அடிப்பிடித்துவிட்டது என்று நீ அனுப்பிய வாட்ஸ்அப்பையும் போட்டோவையும் இப்போதுதான் பார்த்தேன். முதல் வேலையாகக் கையில் இருக்கிற கம்பி நாரைக் கீழே வை. கத்தியையும்தான். மருமகள் திரும்பி வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது என்கிறாய், அந்தச் சட்டியைக் காப்பாற்ற அது தாராளம்.

இங்கே எல்லோரும் சுகம். வனஜாவுக்கு முட்டிவலி தேவலை. உன் சர்க்கரை எவ்வளவு என்று ஒரு வரி எழுதவில்லை, அக்காரவடிசில் கிண்டியதை மட்டும் அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். அதைப் பற்றித் தனியாகப் பேசிக்கொள்கிறேன். பாலை அடுப்பில் சுண்டவிட்டுவிட்டு கிரிக்கெட் பார்க்கப் போகிறவனை என்னதான் செய்வது? ஹாஸ்டல் உப்புமா கதையை வார்டனே மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.

"இரும்புச் சட்டிதானே, அழுத்தித் தேய்த்தால் போய்விடும்" என்று எழுதியிருக்கிறாய். அங்கேதான் பயந்தேன். உன் கை படுவது இரும்பில் இல்லை ராமு, கண்ணாடியில். இரும்பின் மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு, அதுதான் எனாமல். அம்பத்தூரில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அந்தக் கண்ணாடியோடுதான் போயிற்று. நீ பேங்கில் ஏசிக் காற்றில் இருந்தவன், உனக்கு இதெல்லாம் சொல்ல இப்போதுதான் வாய்த்திருக்கிறது.

மணல், வெண்காரம், சோடா, இன்னும் சிலதைச் சேர்த்து உருக்கித் தண்ணீரில் ஊற்றுவார்கள். பொரிந்து சிதறிவிடும். அதைக் களிமண்ணும் தண்ணீரும் சேர்த்து மில்லில் அரைத்தால் மோர்க்குழம்பு பதத்தில் வரும். இரும்பின் மேல் அதைப் பூசி, காயவைத்து, சுமார் 800 டிகிரி உலையில் விடுவோம். வெளியே வரும்போது வெள்ளை, நீலம், கறுப்பு என்ற பேதமே தெரியாது, எல்லாம் ஒரே தணல் சிவப்பு. ஆற ஆற விளிம்பிலிருந்து நிறம் ஏறி வரும். கூடவே டிக், டிக் என்று ஒரு சத்தம். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுத்ததில்லை.

ஆறும்போது இரும்பு கொஞ்சம் அதிகமாகச் சுருங்கும், கண்ணாடி கொஞ்சம் குறைவாகச் சுருங்கும். அப்படி ஆகும்படிதான் கலவையையே அமைப்பார்கள். அதனால் எனாமல் எப்போதும் ஒரு இறுக்கத்திலேயே இருக்கும். கண்ணாடி நெருக்கினால் தாங்கும், இழுத்தால் விட்டுவிடும். கொதிக்கிற சட்டியில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி சட்டென்று சுருங்கப் பார்க்கும், அடியில் இரும்பு இன்னும் சூடாக விரிந்தே இருக்கும். இழுபட்டு மயிரிழை விரிசல் விழும். தீய்ந்த வாசனை வந்தவுடன் நீ நேராகக் குழாயடிக்கு ஓடாமல் அடுப்பை மட்டும் அணைத்தாயே, அந்த ஒரு காரியத்துக்காக உன்னை மன்னிக்கலாம்.

இனிமேல் செய்ய வேண்டியது. நன்றாக ஆறிய சட்டியில் வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் விட்டு ஊறவை. இளகியதை மரக்கரண்டியால் தள்ளி எடுத்துவிடு. அப்புறம் தீய்ந்த இடம் முழுகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, லிட்டருக்கு இரண்டு மேஜைக்கரண்டி சமையல் சோடா போடு. அங்கே சுத்தியல் பிடித்த கை படம் போட்ட மஞ்சள் டப்பாவில் கிடைக்குமே, அதுதான். பேக்கிங் பவுடரை எடுத்துவிடாதே, அது வேறு. சின்னத் தீயில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, அந்தச் சூட்டிலேயே மரக்கரண்டியால் மெல்ல உரசு. கரிய தோல் ஓரத்திலிருந்து சுருண்டு எழும்பும், பார்த்துக்கொண்டே இரு. எழும்பாத இடத்தை வம்பு பண்ணாதே. அடுப்பை அணைத்து ஆறவிட்டு, மறுநாள் இன்னொரு தடவை கொதிக்கவை. கடைசியில் நிற்கிற பழுப்புக்கு, சோடாவைச் சந்தனம் மாதிரி குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, காலையில் ஸ்பாஞ்சால் வட்டமாகத் தேய்.

இதில் வேலை செய்வது காரம், மிளகாய்க் காரம் இல்லை, புளிப்புக்கு எதிரான காரம். தீய்ந்த பாலும் நெய்யும் சர்க்கரையும் காரத்துக்கு இளகிக்கொடுக்கும், கொதிக்கும்போது சோடாவின் காரம் இன்னும் ஏறும். நம் பாட்டிகள் அடுப்புச் சாம்பலால் தேய்த்ததும் இதே கணக்குதான், சாம்பலும் காரம். ஆனால் சாம்பலில் மணல் இருக்கும், செங்கல் பொடியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பித்தளை அண்டாவுக்குச் சரி, எனாமலுக்கு ஆகாது. சமையல் சோடா கண்ணாடியைவிட ரொம்ப மிருது, கீறாது. மணல் கண்ணாடியைக் கீறும். கீறல் விழுந்த இடத்தில்தான் அடுத்த தடவை முதலில் அடிப்பிடிக்கும்.

உன் பையன் எதையோ பார்த்துவிட்டு வினிகரையும் சோடாவையும் சேர்த்து ஊற்றச் சொன்னானாமே. நுரை பொங்குவது பார்க்க ஜோராக இருக்கும், அவ்வளவுதான். புளிப்பும் காரமும் ஒன்றையொன்று தின்றுவிட்டால் கரியோடு சண்டை போட மிச்சம் யார்? புளி, எலுமிச்சை எதையும் ராத்திரி முழுக்க ஊறவும் வைக்காதே. புளிப்பு கண்ணாடியின் பளபளப்பை மங்கடித்துவிடும்.

லேசாக நிறம் மாறி நின்றால் கவலைப்படாதே, சமையலுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் உள்ளே சில்லு பெயர்ந்து இரும்பு தெரிந்தால் மட்டும் ஒளிக்காமல் மருமகளிடம் சொல்லிவிடு. அதில் சமைக்கக் கூடாது, கண்ணாடித் துணுக்கு சாப்பாட்டில் வரும். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன், அப்படி எதுவும் தெரியவில்லை. லெ குரூசே சட்டி அது, 1925இல் வடக்கு பிரான்சில் வார்ப்பு தெரிந்த ஒருவரும் எனாமல் தெரிந்த ஒருவரும் சேர்ந்து தொடங்கிய கம்பெனி. அந்த ஆரஞ்சு நிறமே உருகிய இரும்பைப் பார்த்து வைத்ததுதான். அவ்வளவு லேசில் போகாது.

பாலு விஷயம் உனக்குத் தெரியுமா என்று தெரியவில்லை. அவன் எங்கள் கம்பெனியில்தான் இருந்தான், மணல் அடிக்கிற பக்கம். வார்ப்பு இரும்பில் எனாமல் ஒட்ட வேண்டுமானால் முதலில் மணலைக் காற்றில் வேகமாக அடித்துத் துருவையும் அழுக்கையும் எடுக்க வேண்டும். அந்தத் தூசியை முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்திருக்கிறான். நுரையீரல் தழும்பேறிவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார், இனி அது பழைய நிலைக்குத் திரும்பாது. மாடிப்படி ஏறுவதில்லை, இரண்டு வாக்கியம் பேசினால் நிறுத்தி மூச்சு வாங்குகிறான். கம்பெனி கைவிரித்துவிட்டது. ஒழுங்கான முகமூடி ஒன்று கொடுத்திருக்கலாம், தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்கியிருக்கலாம். செலவு என்று விட்டார்கள். எனக்கு இதில் ஆத்திரம் அடங்கவில்லை ராமு. நாங்கள் அழகு அழகு என்று பார்த்த பளபளப்புக்கு அடியில் அவன் மூச்சு போயிருக்கிறது.

போன வாரம் போயிருந்தபோது உன்னைத்தான் கேட்டான். தொழிலாளர் காப்பீட்டுக்கான இஎஸ்ஐ காகிதங்களை நானும் நம் பழைய கூட்டத்து பாயும் பார்த்துக்கொள்கிறோம். வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைக்க வேண்டும் என்கிறார்கள், அதற்குப் பழைய கூட்டத்திலிருந்து பணம் திரட்டுகிறோம். உன்னால் முடிந்ததை அனுப்பு, அதைவிட முக்கியம், அவனுக்கு ஒரு போன் போடு. நீ பேசு, அவனைப் பேசவைக்காதே. காலையில் பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தெம்பாக இருப்பான், உனக்கு அது ராத்திரி, சட்டியை ஊறப்போட்டுவிட்டுக் கூப்பிடலாம்.

அன்புடன்,
சுந்தரம்